சேவல் கொடுக்காத உத்தரவு

எனக்குக் கோழி என்றால் குழம்புதான். வளர்க்கிற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் வீட்டுக்குக் கோழி வந்தது மகளால். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டிச் சாயம் முக்கிய குஞ்சு விற்கிறவரிடம் ரோஸ் கலரில் ஒன்றை வாங்கி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் தங்காது என்பார்கள். இது தங்கிவிட்டது. சாயம் வெளுத்து, வெள்ளையாகி, முட்டையிடும் பெட்டையாகி, என் மனைவி போட்ட கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறித் தள்ளிவிட்டு அதிலேயே படுத்துக்கொள்ளும் அளவுக்கு உரிமைக்காரியானது.

அதற்கு மகள்தான் கூட்டம். அவள் படித்தால் நாற்காலிக்கடியில் உட்காரும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கும். வேறு கோழியைப் பார்த்தே அறியாது. தான் கோழி என்கிற தகவல் அதற்கு வந்து சேர்ந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

பிறகு மகள் கல்லூரிக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டாள். ஹாஸ்டலில் கோழிக்கு இடமில்லை.

நான் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவன். முழங்கால் வலியைக் காரணம் காட்டி, வயது முடிவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேன். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பகல் முழுக்க அதில் இருந்த உயிர்கள் நானும் கோழியும்தான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நான் பேப்பர் படிப்பேன். அது மகளுடைய அறை வாசலில் போய் நின்று, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பும். அந்த அறையைக் கடக்கும்போது நானும் உள்ளே பார்த்துவிட்டுத்தான் போவேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கோழி மறைக்கத் தெரியாமல் நின்றது.

ஆனி மாதம் சாரல் பிடித்ததும் தெருவில் கார்கள் வரத் தொடங்கின. வீட்டு மாடி காலியா, ரூம் கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்களில் சிலர் கோழியைப் பார்த்துவிட்டு, “நாட்டுக்கோழியா சார், அடிச்சுத் தருவீங்களா?” என்றும் கேட்பார்கள். குற்றாலத்துக்கு வருகிறவனுக்குத் தலையில் அருவி விழுந்த அடுத்த நிமிஷம் கோழி நினைப்பு வந்துவிடும். நான் போலீஸ் பார்வை ஒன்று பார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் பென்ஷனோடு என்னிடம் மிச்சமிருப்பது அதுதான்.

அப்படி ஒரு நாள் ஒரு கூட்டத்தை அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தேன். கோழி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. குருணையைப் போட்டேன். பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு பக்கம் உருண்டையாகத் தொங்கியது. தொட்டால் களிமண் உருண்டை மாதிரி கெட்டியாக இருந்தது.

மனைவி வந்ததும் இருவருமாகத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. டாக்டர் சின்ன வயதுப் பெண். கோழியின் கழுத்தை விரலால் மெல்ல உருட்டிப் பார்த்தாள்.

“இரைப்பை அடைச்சிருக்கு சார். நாரு, கயிறு, ஏதாவது முழுங்கியிருக்கும். தொத்து நோய் இல்ல. சொட்டு சொட்டா எண்ணெய் குடுத்து, கழுத்துக்குக் கீழ மெதுவாத் தடவிவிடணும். கஞ்சி மாதிரி இளக்கமாக் குடுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “கூட வேற கோழி இருக்கா?” என்றாள்.

“இல்ல. இது ஒண்ணுதான்.”

“அப்ப யார் கூட இருக்கும்?”

“எங்க மக இருந்தா. இப்ப காலேஜுக்குப் போயிட்டா.”

டாக்டர் சீட்டில் மருந்து எழுதிக்கொண்டே, “அடைப்பு எடுபட்டுரும். ஆனா துணை இல்லாத கோழி திங்காது சார். திங்கலேன்னா நாம என்ன மருந்து குடுத்தும் பிரயோஜனம் இல்ல,” என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கும்போது துணைக்கு ஆள் யார் என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். கோழிக்கும் அப்படிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் கூப்பிட்டபடி நிற்பார்கள். அந்தச் சீசனில் நானும் அந்தத் தொழிலில் இறங்கினேன். எனக்கு வாடிக்கை ஒருத்திதான். இங்க் பில்லரில் தேங்காய் எண்ணெயை எடுத்து அலகின் ஓரத்தில் சொட்டுவிட்டு, மடியில் ஒரு பழைய துண்டைப் போட்டு அதன்மேல் கோழியை வைத்து, கழுத்துக்குக் கீழே தடவிக்கொண்டே இருப்பேன். முதலில் திமிறியது. பிறகு பழகி, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தது. அடைப்பு கொஞ்சம் இளகியது போலத் தெரிந்தது. ஆனால் டாக்டர் சொன்னது போலவே சாப்பிட மறுத்தது.

ஒரு நாள் சாயங்காலம் மகளிடமிருந்து வீடியோ கால் வந்தது. போனைக் கோழியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் “பா பா பா” என்று கூப்பிட்டாள். கோழி சட்டென்று தலையைத் தூக்கியது. திரையை ஒரு கொத்து கொத்தியது. பிறகு எழுந்து, தள்ளாடிக்கொண்டே போனுக்குப் பின்பக்கம் வந்து பார்த்தது. அங்கே என் கைதான் இருந்தது. மறுபடி முன்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

“அம்மா, அது செத்துரும்மா,” என்று மகள் அழத் தொடங்கினாள்.

மகள் அழுதால் என் மனைவிக்கு நிதானம் போய்விடும். நேராகப் பூஜை அலமாரிக்குப் போனாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். ஆடி மாதம் கொடைத் திருவிழா நடக்கிற அந்தக் கோயில் கடையத்துப் பக்கம் இருக்கிறது. அந்தத் திசையைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “மாடசாமி, இந்த உசுரக் காப்பாத்திக் குடுத்துரு. ஆடிக் கொடைக்கு வீட்டுல வளந்த சேவலக் கொண்டாந்து ஒனக்கு அறுக்குதேன்.”

எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நேர்ந்துகொள்வது அப்படித்தான். எனக்கு இடமாறுதல், மகளுக்கு டைபாய்டு, அவள் தம்பிக்குப் பட்டாளத்தில் வேலை, எதுவானாலும் அதே வார்த்தைதான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வதும் அதுதான். யாருக்காகச் சொல்கிறோம் என்று வாய் யோசிப்பதில்லை.

நான் சிரித்துவிட்டேன்.

“எதுக்குச் சிரிக்கிய?”

“ஏளா, கோழி பொழைச்சா கோழி அறுக்குதேன்னு சொல்லியிருக்க.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். “சொன்னது சொன்னதுதான். இனி மாத்த முடியாது,” என்று சொல்லிவிட்டு, முடிச்சைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள்.

அடுத்த சில நாட்கள் கோழியைச் சாப்பிட வைப்பதே என் வேலையாக இருந்தது. சவரக் கண்ணாடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அதில் தெரிந்த கோழியை அது நெடுநேரம் பார்த்தது. அதுவும் சாப்பிடவில்லை, இதுவும் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு நாள் தற்செயலாகத் தட்டிலிருந்த குருணைக் கஞ்சியை விரல் நுனியால் தட்டினேன். கோழி கண்ணைத் திறந்தது. மறுபடி தட்டினேன். வந்து ஒரு கொத்து கொத்தியது. நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. இன்னொருவர் தின்றால்தான் தானும் தின்னும் போலிருக்கிறது.

ஆக, எந்த முழங்காலைக் காட்டி வேலையை விட்டேனோ அந்த முழங்காலை மடக்கித் தரையில் குந்தி, காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் விரலால் கொத்திக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பலசரக்குக் கடை அண்ணாச்சி காம்பவுண்டுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “என்ன சார், லாக்கப்ல சோறு திங்க மாட்டேன்னு மக்கர் பண்ணுதா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விரலை எடுத்தால் கோழி நிறுத்திவிடும். கொத்திக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நாள்தான் கொத்துவது. துணைக்கு ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். சேவல் வேண்டாம், பெட்டைதான் வேண்டும். வீட்டில் சேவல் என்று ஒன்று இல்லாதவரை மனைவியின் நேர்த்திக்கடன் பேச்சளவிலேயே நிற்கும் என்பது என் கணக்கு. ஆடி வந்தால் ஒரு பொங்கலை வைத்து, மாடனிடம் அவகாசம் கேட்டுக்கொள்ளலாம்.

சந்தையில் கோழி விற்கிற அம்மாளிடம் போனேன். கூடைக்குள் கால் கட்டிக் கிடந்தவற்றில், இன்னும் வளராத செவலை நிறக் கோழி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

“பெட்டைதானா?”

“வெடக்கோழிலா அண்ணாச்சி. ரெண்டு மாசத்துல முட்ட வைக்கும் பாருங்க.”

“கொண்டை எட்டிப் பாக்குது?”

“சில பெட்டைக்கு அப்பிடித்தான் இருக்கும். முகத்தப் பாருங்க, எவ்வளவு சாது.”

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிற உத்தியோகத்தில் இருந்தவன் நான். பார்த்தேன். சாதுவாகத்தான் இருந்தது. ஒயர் கூடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதல் இரண்டு மூன்று நாள் புதியதைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்து, நோயாளியை வெளியே விட்டேன். வெள்ளைக் கோழி வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொரு கோழியைப் பார்த்தது. பஞ்சாரத்தின் பிரம்பு வழியாக ஒரு கொத்து கொடுத்தது. பிறகு எட்டப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால், பஞ்சாரத்தை ஒட்டி வெளியே அதுவும் உள்ளே இதுவும் ஒன்றின் விலா ஒன்றின்மேல் படும்படி கிடந்தன. அவ்வளவு மெனக்கெட்ட எனக்கு ஒரு நன்றிகூடக் கிடையாது. அன்று முதல் என் விரலுக்கு ஓய்வு.

பஞ்சாரத்தை எடுத்த பிறகு நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். செவலை கிளறும், இது வந்து பொறுக்கும். செவலை ஒரு புழுவைக் கண்டால் தான் தின்னாமல் ‘குக் குக்’ என்று கூப்பிடும், இது தள்ளாடிக்கொண்டு ஓடும். சாரல் விழுந்தால் வெள்ளைக்கு நடுக்கம் வரும். செவலை மழை விழுகிற பக்கமாக நின்றுகொள்ளும். நின்றே நனையும். அதற்குக் குளிர் உறைத்த மாதிரி தெரியவில்லை. அடைப்பு முழுவதுமாக எடுபட்டு, தேங்காய் நார் ஒரு கொத்து எச்சத்தோடு வெளியே வந்தது. அதை ஒரு பேப்பரில் எடுத்து வைத்து மனைவிக்குத் தடயமாகக் காட்டினேன். போட்டோ எடுத்து மகளுக்கும் அனுப்பினேன். மகள் சிவப்பு இருதயங்களாக அனுப்பித் தள்ளினாள்.

என் சர்வீஸில் முடித்த எந்தக் கேஸும் எனக்கு அந்த அளவுக்குத் திருப்தி தந்ததில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறத்திலிருந்து கரகரவென்று, தொண்டை கட்டினவன் கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் துவைக்கிற கல்லின்மேல் செவலை நின்றுகொண்டிருந்தது. கழுத்தை நீட்டியது. இரண்டாம் முறை கூவியதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். வாய் நிறைய நுரை இருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“பெட்டைன்னுதானே வாங்கிட்டு வந்திய?” என்றாள்.

துப்பிவிட்டு வந்து, “ஏமாத்திட்டா,” என்றேன்.

“யாரும் ஏமாத்தல. மாடன் தனக்குள்ளத தானே அனுப்பி வச்சிருக்கான். வீட்டுல வளந்த சேவல்னு நான் சொன்னம்லா.” அவள் குரலில் சந்தோஷம் இல்லை. அவளும் அந்தச் செவலைக்குத் தினமும் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் மிஞ்சிய சோற்றைக் கொண்டுவந்து போடுகிறவள்தான்.

“வேற சேவல் வாங்கி அறுத்துருவோம்.”

“கடச்சேவல் ஆகாது. வளத்ததுன்னு சொல்லியிருக்கேன்.”

“ஏளா, இந்தச் சேவல் இருக்கப் போய்த்தான் அது திங்குது. அது பொழைச்சதுக்கு இத அறுத்தா, அது மறுபடி திங்காமக் கெடந்து சாவும். பொறகு எதுக்கு நேர்ச்சை?”

“எனக்குத் தெரியாமலா இருக்கு?” என்றாள். “பிள்ளை தூரத்துல கெடக்கா. சாமிகிட்டச் சொன்ன சொல்ல மாத்திப்புட்டு, நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வந்தா நான் யாரப் போய்க் கேக்க?”

எனக்கு மாடன்மேல் பெரிய பயம் கிடையாது. ஆனால் மகளுக்குக் காய்ச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

என் பேச்சு வெறும் பேச்சில்லை என்பதை நிரூபிக்க, சேவலைக் கொண்டுபோய் ஒரு நாள் எதிர் வீட்டு அண்ணாச்சியின் கொல்லையில் விட்டேன். அவர் கர்த்தருடைய ஆள். எங்கள் மாடனுடைய வழக்கில் அவருக்குச் சம்பந்தமில்லை என்பதால் அதுவே பாதுகாப்பான இடம் என்று தோன்றியது. வெள்ளைக் கோழி கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. குருணை அப்படியே கிடந்தது. விரலால் தட்டினேன். அது என் விரலைப் பார்த்தது. இந்தத் தடவை அதற்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. மனைவி சாயங்காலம் வந்து தட்டைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், தானே எதிர் வீட்டுக்குப் போய்ச் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் காலண்டர் ஆணியில் முடிச்சு அப்படியேதான் தொங்கியது.

கொடை நாள் வந்தது. நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளிருந்து, “கோழிக்குத் தேய்க்குத எண்ணெய் எங்கன வச்சிய?” என்று கேட்டாள். ஜன்னல் திட்டில் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குழாயடியில் சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“சாமிக்குப் போறது. அழுக்காக் கொண்டுபோக முடியுமா?” என்றாள். நான் கேட்கவே இல்லை.

ஒயர் கூடையில் சேவலை வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளைக் கோழி கேட் வரைக்கும் பின்னால் வந்தது. நான் கேட்டைச் சாத்தினேன். தென்காசியில் சாரலாக இருந்தது, கடையத்தை நெருங்கும்போது வெயிலடித்தது.

எங்கள் பங்காளிகளில் பாதிப் பேர் போலீஸ், பாக்கிப் பேர் பட்டாளம். கொடைக்கென்று எல்லாரும் லீவு போட்டு வந்துவிடுவார்கள். வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாலும் நிற்கிற தோரணையில் யார் யார் என்ன உத்தியோகம் என்று சொல்லிவிடலாம். சாமிகொண்டாடி எனக்குச் சித்தப்பா முறை. அவருக்கு அருள் வந்து இறங்கிய பிறகு நேர்ச்சை உருப்படிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோவார்கள். அறுக்கும் முன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தலையைக் குலுக்கி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். வேறு ஊர்களில் ஆட்டுக்கு மட்டும் பார்ப்பார்கள். எங்கள் கோயிலில் சேவலுக்கும் பார்ப்பது வழக்கம். தண்ணீர் பட்டால் எந்த ஜீவன் உதறாது? நான் பார்த்து உத்தரவு கிடைக்காமல் போனது இல்லை.

எங்கள் முறை வந்தது. சேவலை நான்தான் பிடித்திருந்தேன். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. மேளம் நின்றது. சித்தப்பா செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார்.

சேவல் உதறவில்லை.

அது பாட்டுக்கு எனக்குப் பக்கத்தில் நின்ற ஹெட்கான்ஸ்டபிள் தம்பியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை ஊற்றினார். தண்ணீர் உச்சியில் விழுந்து முத்து முத்தாக உருண்டு, கழுத்திறகு வழியாக ஓடி, ஒரு சொட்டு தங்காமல் தரையில் விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். தலையும் கழுத்தும் மினுமினுத்தன. கொண்டைக்குப் பின்னால் ஒவ்வொரு இறகும் படிய வாரிவிட்ட தலை போல ஒட்டிக்கிடந்தது. என் மூக்குக்குத் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

திரும்பி மனைவியைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா மூன்றாவது முறை ஊற்றினார். இந்தத் தடவை விரலால் சேவலின் உச்சியைத் தடவியும் விட்டார். விரலைப் பெருவிரலோடு சேர்த்து ஒரு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த துண்டில் அதைத் துடைத்தார். என் சர்வீஸில் எத்தனையோ உத்தரவுகளுக்காகக் காத்திருக்கிறேன். வரக்கூடாது என்று நினைத்துக் காத்திருந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

“உத்தரவு இல்ல,” என்றார் சித்தப்பா. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் என் மனைவியைப் பார்த்து, “ஏட்டி, இது அவனுக்கு வேண்டாமாம். வீட்டுல நிக்கட்டும்னு சொல்லுதான். பொங்கல் மட்டும் வச்சுட்டுப் போ. கடன் கழிஞ்சுது,” என்றார்.

“சரி மாமா,” என்றாள் அவள். சொல்லும்போது அழுதுவிட்டாள். சுற்றி நின்ற அத்தனை போலீஸ்காரர்களில் ஒருவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

பொங்கல் வைத்து, மஞ்சள் துணி முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பினோம். பாதி வழியில் மேகம் இறங்கிச் சாரல் பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொன்னேன்: “தலையில எண்ணெய் வச்சா தண்ணி ஒட்டாது.”

இலஞ்சிக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து பதில் வந்தது.

“குத்தாலத்துக்கு வாரவன் பூராம் எண்ணெய் தேச்சுத்தான் குளிக்கான். இது தேச்சா மட்டும் குத்தமா?”

அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. கேஸை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். வெள்ளைக் கோழி நாங்கள் விட்டுப் போன இடத்திலேயே, கேட்டுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றது. காலையில் வைத்த குருணை மழையில் ஊறிப் போயிருந்தது. அது வாயே வைக்கவில்லை. மனைவி கூடையை இறக்கிச் சேவலை வெளியே எடுத்து அதன் முன்னால் விட்டாள்.

சேவல் இரண்டு அடி எடுத்து வைத்தது. காலை அகட்டி நின்றது. பிறகு கொண்டையிலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுவதையும் ஒரு குலுக்குக் குலுக்கி உதறியது. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. அது ‘குக் குக்’ என்று கூப்பிட்டுத் தட்டில் ஒரு கொத்து கொத்தியது. வெள்ளைக் கோழி ஓடி வந்து பக்கத்தில் நின்று தின்னத் தொடங்கியது.

“இப்ப உதறுது பாரு,” என்றேன்.

“நான் எங்கன பாத்தேன். கண்ணாடி போடல,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கண்ணாடி அவள் மூக்கின்மேல்தான் இருந்தது. அதில் சேவல் உதறிய தண்ணீரும் இருந்தது. அவள் துடைக்கவில்லை.